வெள்ளியோடு வந்திறங்கும் தாழி வேளானை வெட்ட வேண்டாம்

கடல் தன் எல்லையில் நிற்க. கரை தன் மக்களைக் காக்க. இரண்டுக்கும் நடுவே போய்வரும் மரக்கலங்கள் நலமாய்ப் போய் நலமாய் மீள்க.

வேங்கைமலைத் தொடருக்கும் அதன் கீழுள்ள நஞ்சை நாட்டுக்கும் திரைமுகத் துறைக்கும் உடையவராய், குறை சொல்ல வந்தவருக்கு வாசல் அடைக்காத குலத்தில் தோன்றியவராய் விளங்கும் செம்மலைத் தேவியார் திருவாய் மலர்ந்தபடி, அவர்தம் ஓலைநாயகன் அரங்கன் சேந்தன் எழுதும் ஓலை. கீழைக்கடலின் நடுவே கிராம்பு மணக்கும் மணத்தீவை ஆள்பவரும், கொடுத்த சொல்லை ஒருநாளும் மாற்றாதவருமாகிய நீலமாராயர் திருமுன் காண்க. தங்கள் தோட்டங்கள் மொட்டுக் கட்டுக. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் அவையோர் அனைவரும் நலமென்று கேட்க விழைகிறோம்.

இவ்விடத்தில் தங்கள் முன்னோரின் பட்டங்களை வரிசை பிசகாமல் எழுதுவது அடியேன் வழக்கம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இம்முறை தேவியார் எதிரே வந்து நின்று, பட்டங்களைச் சுருக்கு என்று கட்டளையிட்டார். ஆசனம் போட்டும் அமரவில்லை, நின்றபடியேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாராயர் பொறுத்தருள்க.

காரி ஏறன் என்னும் கப்பல்நாயகனின் மரக்கலம் தங்கள் துறையை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. ஒருவேளை வந்து நங்கூரமும் இட்டிருக்கலாம். அதில் தாழி வேளான் என்றொருவன் இருக்கிறான். குட்டையான உருவம், முன்தலையில் வழுக்கை. கடல் ஒத்துக்கொள்ளாமல் முகம் வெளிறியிருப்பான். கரையில் கால் வைத்ததும், யாரும் கேளாமலே தங்கள் துறைக்காவலரிடம் நேரே போய், தேவியாரின் முத்திரை பெறாத வெள்ளியைக் கொண்டுவந்தவன் தானே என்று சொல்லித் தலையைக் குனிந்து நிற்பான். அவனை வெட்ட வேண்டாம்.

இவ்வளவு படித்ததும், மேற்கொண்டு படிக்குமுன், துறைக்கு ஓர் ஆளை அனுப்புக. நடந்து போகிற ஆள் வேண்டாம், ஓடுகிற ஆளாக அனுப்புக. மிச்சத்தை அவன் ஓடுகிற நேரத்தில் படித்துக்கொள்ளலாம்.

இரு நாட்டுக்கும் நடுவே உள்ள உடன்படிக்கையில், தேவியாரின் முத்திரை பெறாத வெள்ளியோடு திரைமுகத்திலிருந்து எவன் வந்தாலும், மறு விசாரணை இல்லாமல் அவன் இறங்கிய கரையிலேயே தலையை வாங்கிவிட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அது தாங்கள் கேட்டுப் பெற்ற விதியன்று. தாங்கள் தயங்கினீர்கள், கிராம்பு வாங்குவதையே விட்டுவிடுவோம் என்று மிரட்டி அதை எழுதவைத்தது எங்கள் அரண்மனைதான். ஏன் அப்படிச் செய்தோம் என்பதை ஒளிக்காமல் எழுதும்படியும், தம்மைப் பற்றிய இடத்தில் பூசி மெழுக வேண்டாம் என்றும் தேவியார் சொல்லியிருக்கிறார். எனவே எழுதுகிறேன்.

தேவியார் பட்டத்துக்கு வந்தபோது எல்லைப் போரில் கருவூலம் துடைத்து வைத்தாற்போல் கிடந்தது. அந்நாளில் திரைமுகத்துக்கு வந்தவர், தங்கள் தீவுக்குப் புறப்படும் கப்பலில் மூட்டை மூட்டையாக வெள்ளி ஏறுவதைத் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டார். வயிறு எரிந்துபோயிற்று. வேங்கைமலையில் வெள்ளிச் சுரங்கம் கிடையாது. அயலாருக்கு விற்றால் வெள்ளி உள்ளே வரும், அயலாரிடம் வாங்கினால் வெளியே போகும். ஆகையால் விற்பது மிகுந்து வாங்குவது குறைந்த நாடே நிமிர்ந்து நிற்கும் என்பது அவர் கருத்து. இந்தக் கருத்தில் பிழையில்லை; இன்றும் அவர் அதையேதான் நம்புகிறார். வருகிற போகிற கப்பல்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்றை, கண்ணெதிரே நின்ற ஒரு கப்பலை மட்டும் பார்த்து முடிவு கட்டியதுதான் பிழை.

அன்று பிறந்தது வெள்ளித்தடை. துணி போகலாம், வெல்லம் போகலாம், இரும்பு போகலாம், தேவியாரின் முத்திரை இல்லாமல் வெள்ளி மட்டும் துறைவாயைத் தாண்டக்கூடாது. இங்கே சரக்கு விற்ற அயலான் விற்றதற்கு ஈடாக எங்கள் பண்டத்தையே வாங்கிப் போக வேண்டும். தாண்டுகிற வெள்ளி துறைக் கோட்டைக்குச் சேரும், தாண்டவைத்தவன் தலை போகும்.

காரி ஏறன் அப்போதே அரண்மனைக்கு வந்து முறையிட்டான். அவன் கடற்கரைப் பேச்சை மாற்றாமல் எழுதும்படி ஆணை. "தாயே, தீவுல நாங்க வெள்ளிய விட்டுட்டு வர்றது நெசந்தான். ஆனா அந்தக் கிராம்பை நம்ம ஊர்க் கொழம்புல போட்டது போக மிச்சத்தை மேலைக்கடல்காரன் வந்து ரெட்டிப்பு வெள்ளி குடுத்து அள்ளிட்டுப் போறானே, அது கணக்குல வராதா? போற கப்பலை மட்டும் பாத்தா வயிறு எரியத்தான் செய்யும். வர்ற கப்பலையும் சேத்துப் பாருங்க தாயே" என்றான். அவன் போனபின், தன் மடி நிறைவதற்காகப் பேசுகிறான் என்றார் தேவியார். அவையில் இருந்த அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள்.

அது நடந்த போன ஆண்டில் அவன் துணியை மட்டும் ஏற்றிக்கொண்டு தங்களிடம் வந்தது நினைவிருக்கும். இடுப்புக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, மூன்றாவதை எங்கள் மக்கள் எங்கே கட்டிக்கொள்வார்கள் என்று தாங்கள் கேட்டனுப்பியது இங்கே அரண்மனை முழுதும் சிரிப்பாய்ச் சிரித்தது. காரி ஏறன் மட்டும் சிரிக்கவில்லை. பாதிக் கப்பல் கிராம்போடும் மீதிக் கப்பல் துணியோடும் திரும்பிவந்து, சுங்கம் கட்டிவிட்டுப் போனான்.

இனி தாழி வேளான். நஞ்சை நாட்டில் நெல்லுக்கு வரி தண்டிக்கொண்டிருந்தவனைத் திரைமுகத்துக்குத் துறையதிகாரியாக்கினோம். ஏனென்று கேட்டால், தன் மாடு கோயில் வயலில் வாய் வைத்ததற்குத் தனக்குத் தானே தண்டம் போட்டுக்கொண்ட ஆள் அவன். ஊரார் விட்டுவிடச் சொல்லியும் கேட்கவில்லை, கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். அப்படிப்பட்டவன் கையில் துறை இருந்தால் ஓர் எள்ளளவு வெள்ளிகூட நழுவாது என்று மகிழ்ந்தோம். அவன் மனைவி பூதி திரைமுகத்தில் பிறந்தவள். உள்நாட்டில் வாழ்க்கைப்பட்டு உப்புக்காற்றுக்கு ஏங்கிக் கிடந்தவள். பிறந்த ஊருக்கே திரும்புகிறோம் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

திரைமுகத்தில் கடல்முடிச்சு என்றொரு வழக்கம் உண்டு. தங்கள் துறையிலும் அதைப் பார்த்திருப்பீர்கள். மீன் விற்பவளும் நூல் நூற்பவளும் கயிறு திரிப்பவனும் தங்கள் பழந்துணியின் ஓரத்தைக் கிழித்து, சின்னதொரு வெள்ளித்துண்டை அதில் முடிந்து, தெரிந்த மாலுமி கையில் கொடுப்பார்கள். அவன் தீவில் அதற்குக் கிராம்பு வாங்கி, அதே துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுப்பான். மேலைக்கடல் வணிகர் வந்ததும் அதை விற்றுத்தான் மகளுக்குத் தாலி வாங்குவார்கள், வீட்டுக்குக் கூரை மாற்றுவார்கள். தடை வந்தபின்னும் இது கமுக்கமாக நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

இவ்வாண்டு காரி ஏறனின் கப்பல் பாய் கட்டி நின்றபோது தாழி அதைச் சோதித்தான். மாலுமிகளின் படுக்கைக்கடியில் ஒரு கூடை நிறைய முடிச்சு. சட்டப்படி மாலுமிகள் அத்தனை பேர் தலையும் போக வேண்டும். சட்டத்தைத் தாழி திருப்பித் திருப்பிப் படித்து, வெள்ளி இன்னும் துறைவாயைத் தாண்டவில்லை, ஆகவே குற்றம் இன்னும் நடக்கவில்லை, வெள்ளியை எடுத்துவிட்டால் போதும் என்று ஒரு வழி கண்டுபிடித்தான். அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. ஊரார் சந்தேகப்படக்கூடாதே என்று அதையும் ஒளிவுமறைவின்றிச் செய்ய எண்ணி, கடற்கரை ஈரமணலில் பாய் விரித்து, ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கத் தொடங்கினான்.

முதல் முடிச்சு அவிழ்ந்ததும் ஒருத்தி ஓவென்று அழுதாள். அடுத்ததற்கு நாலு பேர். பிறகு கரை முழுதும் ஒரே ஓலம். பெண்கள் தலையை விரித்துப் போட்டு மணலில் விழுந்து புரண்டார்கள். வெள்ளி போகிறதே என்று அழுகிறார்கள் என்றுதான் தாழி நினைத்தான், பாவி. எழுந்து நின்று, "அழாதீங்க தாயீ, உங்க வெள்ளி எங்கயும் போகல, கோட்டையில பத்திரமா இருக்கும்" என்று ஆறுதல் வேறு சொன்னான். கணக்குப் பிசகக்கூடாது என்று ஒவ்வொரு வெள்ளித்துண்டையும் அதனதன் துணியிலேயே மடித்து அடுக்கினான். அந்தத் துணிகளுள் ஒன்று, தன் மனைவியின் மாம்பழநிறச் சேலையின் ஓரம். அதை அவன் அடையாளம் கண்டான். அதையும் மடித்து மற்றவற்றோடு வைத்தான்.

வீட்டுக்கு வந்தவனைப் பூதி வாசலிலேயே நிறுத்தினாள். குடம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவன் தலையில் ஊற்றினாள். "குளிச்சிட்டு உள்ள வாங்க. ஊருக்கே கருமாதி பண்ணிட்டு வந்திருக்கீங்க" என்றாள். அவன் விழித்தான். "கடலுக்குப் போனவன் திரும்பலன்னா, இனி வரமாட்டான்னு மனசு விட்டுப்போன அன்னிக்கு, ஈரமணல்ல உக்காந்து அவனுக்காக ஒரு முடிச்ச அவுப்போம். அதோட அவன் செத்தான்னு அர்த்தம். நீங்க கப்பல் போகுமுன்னயே அத்தன பேருக்கும் அவுத்துட்டீங்களே! யாரு இனி அந்தக் கப்பல்ல ஏறுவான்?" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். சேலையைப் பற்றி அவளும் பேச்செடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

அவள் சொன்னது போலவே ஆயிற்று. மாலுமிகள் ஒருவர் பின் ஒருவராகக் கப்பலை விட்டு இறங்கினார்கள். சுக்கான் பிடிப்பவன் தன் படுக்கைப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். கூலி கூட்டித் தருகிறேன் என்று காரி ஏறன் கெஞ்சியும், செத்த கப்பலில் ஏறமாட்டோம் என்றார்கள். காற்றோ இன்னும் சில நாளில் திசை மாறும் பருவம். மாறிவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

அடுத்த ஆண்டு என்பது சொல்லுக்கு எளிது. ஏற்கனவே போன ஆண்டுத் துணி பண்டசாலையில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருந்தது. கோட்டையில் சேர்ந்த வெள்ளி படைக்கூலியாகவும் மதில் கட்டும் கூலியாகவும் உள்ளூரிலேயே சுற்றிச் சுற்றி வந்தது; வாங்குகிற கையில் வெள்ளி கூடிற்று, பண்டம் கூடவில்லை; அரிசி விலை ஏற, பஞ்சு விலை ஏற, எங்கள் துணி விலையும் ஏறிப்போய், வழக்கமாக வாங்குகிற அயலானும் வேறு துறைக்குப் போனான். நெசவாளர் தெருவில் பாதி வீட்டில் தறிச்சத்தம் இல்லை. இதெல்லாம் தாழி நாள்தோறும் நடந்து போகும் வழியிலேயே இருந்தது.

முடிச்சைத் திரும்ப உயிர்ப்பிக்க வழியுண்டா என்று அவன் காரி ஏறனையே போய்க் கேட்டான். "ஒண்ணு இருக்கு, ஆனா ஒங்களால ஆகாதுங்க" என்றானாம் அவன். அவிழ்த்த கையே திரும்ப முடிய வேண்டும். வெற்று முடிச்சு உதவாது, வெள்ளி உள்ளே இருக்க வேண்டும். முடிந்த கை அந்த முடிச்சுகளோடு கப்பலில் ஏறித் துறைவாயைத் தாண்ட வேண்டும். அப்போதுதான் மாலுமி நம்புவான். அதாவது, வெள்ளித்தடையைக் காக்க வைத்தவனே வெள்ளியோடு கடல் தாண்ட வேண்டும்.

தாழி தேவியாருக்கு ஓலை அனுப்பினான். ஊரின் நிலையையும் முடிச்சின் வழக்கத்தையும் சொல்லி, இந்த ஒரு கப்பலுக்கு மட்டும் முத்திரை வேண்டினான். தேவியார் படித்துவிட்டு, மூட நம்பிக்கைக்காகச் சட்டம் வளையாது என்று விடை கொடுத்தார். குதிரைக்காரன் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்த அன்று, கடற்கரைக் கொடிகள் காற்றில்லாமல் தொங்கத் தொடங்கியிருந்தன.

அன்றுதான் தாழி முடிவெடுத்தான். எப்படித்தான் எடுத்தானோ! நேற்றுவரை மாட்டுக்குத் தண்டம் கட்டியவன். கோட்டையின் பெட்டகத்தைத் திறந்து, அந்தத் துணிகளை எடுத்து, அதே ஈரமணலில் உட்கார்ந்து, உரியவர்களைக் கூப்பிட்டு, அவரவர் பார்த்திருக்க ஒவ்வொன்றையும் இறுக முடிந்தான். மாம்பழநிறத் துணியை முடியும்போது மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லையாம். கூடையைத் தன் தோளில் வைத்துக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் நடந்தான். ஓடம் ஆடியதில் ஏறும்போதே வாந்தி எடுத்தான். கரையில் நின்றவர்கள் சிரிக்கவில்லை. சுக்கான் பிடிப்பவன் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் பின்னால் ஓடிவந்து ஏறினான்.

புறப்படுமுன் துறைக் கணக்கனிடம் அவன் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். தடையை மீறியது தான் ஒருவனே. மாலுமிகளும் கப்பல்நாயகனும் தன் ஆணைக்கு அடங்கியவர்கள். மனைவிக்கு இதில் பங்கில்லை. தன் வீடும் நிலமும் அரசுக்குச் சேர்க. கடைசியாக, அதிகாரி ஒருவனுக்காக உடன்படிக்கை தளர்ந்தது என்ற பேச்சு வரக்கூடாதாகையால், மணத்தீவில் இறங்கியதும் தானே போய்த் தலை கொடுப்பதாகவும் அதில் சொல்லியிருக்கிறான். மாராயரே, அவனை அறிந்தவர்கள் எவரும் அதை வெறும் பேச்சென்று நினைக்கமாட்டார்கள்.

செய்தி கேட்டுத் தேவியார் சினந்து புறப்பட்டார். அடியேனும் உடன் போனேன். திரைமுகத்தில் இறங்கியபோது மேலைக்கடல் வணிகரின் கப்பல்கள் நாலைந்து நின்றன. போன ஆண்டு வந்த அந்தப் பாதிக் கப்பல் கிராம்பு அவர்களுக்கு எந்த மூலைக்கு? முதலில் வந்தவன் வாரிக்கொண்டான். மற்றவர்கள் திறவாத வெள்ளிப் பெட்டிகளோடு, கிராம்பில்லாத ஊரில் எங்களுக்கென்ன வேலை என்று பாயை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தேவியார் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு துண்டு வெள்ளியும் வெளியே போகக்கூடாது என்று அவர் போட்ட சட்டம். உள்ளே வர வேண்டிய வெள்ளி அத்தனையும் அவர் கண்ணெதிரே வேறு துறைக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு பூதியை அழைத்துவரச் சொன்னார். வந்தவள் கும்பிட்டாள், காலில் விழவில்லை. கணவன் செய்தது தெரியுமா என்று தேவியார் கேட்டதற்கு, "கணக்கர் படிச்சுக் காட்டித்தான் தெரியும். எங்கிட்ட, வந்துர்றேன்னு மட்டும் சொன்னாரு. பொய் சொல்லத் தெரியாத மனுசன், அன்னிக்கு எப்படித்தான் சொன்னாரோ" என்றாள். சிறிது நின்று, "வெள்ளி போனா திரும்பிவரும்னு இந்த ஊருல மீன்காரிக்குக்கூடத் தெரியும், தேவி. போன உசுரு வருமா? ஒங்க சட்டத்த ஒருத்தரும் நம்பல. அவரு ஒருத்தருதான் நம்புனாரு. அவரத்தான் அது வெட்டப் போவுது" என்றாள். காவலர் வேல்களைத் தாழ்த்தி அவளைத் தடுக்கப் போனார்கள். தேவியார் கையமர்த்தினார்.

சட்டத்தைப் போட்டவள் நான், வெட்டுப்படப் போகிறவன் அவனா என்று தேவியார் கேட்டார். எங்களில் எவரிடமும் கேட்கவில்லை. ஆயினும் எல்லோரும் தரையைப் பார்த்தோம். உடனே எழுத்தாணியைக் கொண்டுவா என்றார். அதுவே இந்த ஓலை.

ஆகவே தேவியாரின் ஆணையும் வேண்டுகோளும் ஆவன: உடன்படிக்கையின் வெட்டு விதி இவ்வோலையின் முத்திரையோடு ஒழிந்தது, இனி எவர் பொருட்டும் அதை எடுக்க வேண்டாம். தீவுக்குப் போகும் கப்பல்நாயகன், கொண்டுபோகும் வெள்ளிக்கு ஈடான கிராம்பைக் கொண்டுவருவதாகத் துறையில் பிணை கொடுத்து, வேண்டிய வெள்ளியைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். வாங்கியதையும் விற்றதையும் ஆண்டிறுதியில் எல்லாக் கப்பலுக்கும் சேர்த்தே பார்ப்போம். காரி ஏறனுக்குத் தங்கள் கிராம்பை வழக்கமான விலைக்கே தருக; எங்கள் முட்டாள்தனத்துக்காக விலையேற்ற வேண்டாம் என்று தேவியார் கேட்டுக்கொள்கிறார். முட்டாள்தனம் என்ற சொல் அவருடையதே. தாழி வேளான் பதவியோடும் நிலத்தோடும் திரும்பிவர வேண்டும். மன்னிப்பு என்றால் அவன் ஏற்கமாட்டான், குற்றம் செய்தேனே என்று தர்க்கம் செய்வான். ஆகையால் மன்னித்ததாகச் சொல்லாமல், திரும்பிவரும்படி அரசாணை என்று சொல்லுக. ஆணை என்றால் வந்துவிடுவான்.

பெரிய மரக்கலம் நடுவழித் தீவில் நன்னீர் எடுக்க நங்கூரமிடும். இந்த ஓலையைக் கொண்டுவரும் விரைவோடம் எங்கும் நிற்காது. துடுப்பு வலித்துக்கொண்டே வர இரட்டை ஆள் ஏற்றியிருக்கிறோம். முந்திவிடும் என்று ஓடக்காரர் சொல்கிறார்கள். காற்று எப்படியென்று கேட்டால் மட்டும் வேறு பேச்சுப் பேசுகிறார்கள்.

இனி வருவது தனி ஏடு. இதை மாராயர் தாமே படிக்க; அவையில் எவரும் உரக்கப் படிக்க வேண்டாம்.

ஓலை வருவதற்குள் காரியம் முடிந்துபோயிருந்தால், அந்தப் பழி தங்களுடையதன்று. தாங்கள் சொன்ன சொல்லைக் காத்தீர்கள். இரு நாட்டுக்கும் நடுவே இதனால் ஒரு மனக்கசப்பும் வராது. வெட்டியவனைத் தண்டிக்க வேண்டாம், அவன் தூங்கட்டும். தாழியின் உடலுக்கு அரச மரியாதை செய்க, செலவு தேவியாருடையது.

இந்த ஓலையை நீட்டிக்கொண்டு தங்கள் முன் நிற்பவள் பூதி. போகாதே என்று தேவியாரே தடுத்தும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே என் கணவர் என்னை நம்புவார், ஓலையைப் பார்த்து நம்பமாட்டார், இதுவும் ஏதோ விதிவிலக்கு என்று தர்க்கம் பண்ணுவார் என்றாள். அது உண்மைதான். காரியம் முடிந்திருந்தால் மட்டும், மாராயரே, அவளுக்கு அதை வேறெவரும் சொல்லிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், தாங்களே சொல்லுங்கள், முதலில் அவளை உட்காரவைத்து, ஒருவாய்த் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. மற்ற ஏடுகளை எல்லாம் ஓடத்தில் ஏறுமுன் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே ஏடுகளை எண்ணியிருக்கிறாள் போலும். "இன்னும் ஒண்ணு இருக்கே, அதுல என்ன எழுதிருக்கு?" என்று கேட்டாள். தேவியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாழ்த்து என்று சொல்லிவிட்டேன்.

ஓலைநாயகன் எழுதாத ஒன்றை எழுதியதாகச் சொல்லக்கூடாது. ஆகையால் இந்த ஏட்டின் கடைசியில் அந்த வாழ்த்தையும் எழுதிவிடுகிறேன்: தாழி வேளான் உயிரோடிருக்க. அவளைக் கண்டதும், எதற்காக வந்தாய் என்று அவன் கோபித்துக்கொள்க. இருவரும் ஒரே கப்பலில் ஊர் சேர்க.

தேவியார் தம் கைம்மோதிரத்தைக் கழற்றித் தாமே இட்ட முத்திரை. அரங்கன் சேந்தன் எழுத்து. இப்படிக்கு ஆணை.